எடை பார்க்காமல் எடுத்த சார்ஜர்

முதலில் வந்தது வாசனை. அவன் பிறகுதான் வந்தான்.

வெளியே மழை. விருந்தினர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு மேஜை, ஒரு டீ கெட்டில், சுவரோரம் வரிசையாக நாலு பிளக் பாயிண்ட். கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்த களைப்பில், அவள் டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோனாள்... மூக்கு விடைத்தது. பிளாஸ்டிக் சூடாகி, உருகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது ஒரு வாசனை வருமே, அது!

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இவளுக்குத் தெரியும், ஏனென்றால் பிழைப்பே அதுதான். கடைக்கு வரும் சார்ஜர்களைச் சோதனைக்கூடத்தில் வைத்துச் சூடாக்கி, நனைத்து, கீழே போட்டு, எது தாங்கும், எது வெடிக்கும் என்று சொல்கிற இன்ஜினியர் அவள். மீட்டர் காட்டுவதற்கு முன்னால் இவள் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஆபீசில் பெயரே 'மூக்கு மேடம்'.

திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஓர் அடாப்டர். அதன் தலையில் இன்னோர் அடாப்டர். அதற்கும் மேலே ஒரு சார்ஜர். கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்குவார்களே, அப்படி! பாரம் தாங்காமல் மொத்தமும் முன்பக்கம் சாய்ந்து, சந்தில் நீலமாய்ப் பொறி வேறு தட்டிக்கொண்டிருந்தது.

எந்தப் புண்ணியவானுடையது இது?

கூடத்தில் இருந்தது ஒரே ஒருவன். ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நல்ல உயரம். விரலை மடக்கிக் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டுவதும், உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பதுமாக... என்ன விளையாட்டோ!

பதறும்போது எவளுக்கு ஆங்கிலம் வரும்? "ஹலோ! யாருதுங்க இது? தீப்பிடிச்சுக்கப் போகுது!"

அவன் திரும்பவில்லை.

"ஏங்க, உங்களைத்தான்!"

ஊஹூம். மழையை ரசித்துக்கொண்டிருந்தான்.

திமிரைப் பாரேன்! விறுவிறுவென்று போய் சுவிட்சை அணைத்தாள். கைக்குட்டையால் பிடித்து அந்தக் கோபுரத்தை ஒரே இழுப்பாக இழுத்தாள். கண்ணாடியில் நிழல் அசைந்ததைப் பார்த்துவிட்டு அவன் சட்டென்று திரும்பினான்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள்... எதையும் தவறவிடாத கண்கள். அவை அவள் கண்ணைப் பார்க்கவில்லை. நேரே அவள் உதட்டைப் பார்த்தன!

'அட, இவன் பார்வையே சரியில்லையே' என்று உள்ளுக்குள் கொதித்தது. "காது கேக்கலையா உங்களுக்கு? எவ்வளவு நேரமா கத்தறேன்! இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இந்தக் கட்டடமே..."

அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. திட்டு வாங்குகிறவனுக்கு வருகிற மலர்ச்சியா அது!

"நீங்க தமிழா?" என்றான். "அப்பாடா... இங்க வந்ததுலேர்ந்து யார் பேசறதும் புரியல. எல்லாரும் உதட்டை அசைக்காமலே பேசறாங்க. உங்க உதடு நல்லாப் புரியுது. ரொம்பத் தெளிவாத் திட்டறீங்க."

"என்னது?"

"எனக்குக் காது கேக்காதுங்க. மிஷின் போட்டாத்தான் கேக்கும். மிஷினைத்தான் சார்ஜ் போட்டிருந்தேன்." அவள் கையிலிருந்த ஒயரின் மறுமுனையைக் காட்டினான். மேஜைமேல் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. திறந்து காட்டினான். உள்ளே, வெள்ளைப் பஞ்சணையில், இரண்டு காது மிஷின்கள்.

அவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. 'காது கேக்கலையா' என்று வேறு கேட்டுத் தொலைத்தாளே!

"சாரிங்க... நான்... எனக்குத் தெரியாது..."

"பரவால்ல. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொன்ன முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்" என்று சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. விழாமல் இருந்திருக்கலாம். அந்தக் குழிதான் அடுத்து நடந்த அனர்த்தத்துக்கெல்லாம் காரணம்.

"இந்த அடாப்டர் எங்க வாங்கினீங்க?" என்று பேச்சை மாற்றினாள்.

"பஸ் ஸ்டாண்டுல. எல்லா நாட்டுக்கும் ஒண்ணே போதும்னான்."

"எந்த நாட்டுலயும் சரியா நிக்காதுன்னு சொல்லியிருக்கணும். அடாப்டர் பிளக்கோட வடிவத்தைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. சார்ஜர் மேல பொடி எழுத்துல நூறுலேர்ந்து இருநூத்தி நாப்பது வோல்ட்டுன்னு போட்டிருக்கா பாருங்க, அப்புறம் சொருகுங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவே கூடாது. தொட்டா சுடுதுன்னா உடனே கழட்டிடணும்."

"எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"தூக்கத்துலயும் பேசுவேன்னு எங்க அண்ணி சொல்வாங்க." வெட்கமாக இருந்தது அவளுக்கு. "இருங்க, என்கிட்ட நல்லதா இருக்கு."

பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு வெள்ளை சார்ஜர்கள். ஒன்று அசல், ஒன்று போலி. நாளை மதியம் மாநாட்டில் அவள் பேச்சே அதைப் பற்றித்தான். 'எது அசல், எது போலி, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்' என்று சபையில் சுற்றுக்கு விடுவதற்காக, ஆய்வகத்தில் ஒட்டிய அடையாளத்தைக்கூட அவளே கிழித்தெடுத்திருந்தாள். அவளுக்கென்ன, கையில் எடுத்தாலே தெரியும். போலிக்கு எடை குறைவு. உள்ளே இருக்கவேண்டிய பாதி சாமான் இருக்காது. எப்போதும் இரண்டையும் இரண்டு கையில் ஏந்தி, எடை பார்த்துத்தான் எடுப்பாள்.

இன்று எடை பார்க்கவில்லை. கண் அந்தக் கன்னக்குழியில் இருந்தது. கை பாட்டுக்கு ஒன்றை எடுத்துத் தன்னுடைய கனமான அடாப்டரில் சொருகிவிட்டது.

டப்.

சின்னச் சத்தம்தான். கறுப்புப் பெட்டியின் பச்சை விளக்கு ஒரு தடவை பளீரென்று எரிந்து அணைந்தது. பிறகு அந்த வாசனை...

"ஐயோ!" பிடுங்கிக் கையில் ஏந்தினாள். லேசாக இருந்தது. பஞ்சு மாதிரி லேசாக இருந்தது பாவி சார்ஜர். "தப்பானதைக் கொடுத்துட்டேன்... அஞ்சு வோல்ட் தரவேண்டிய இடத்துல பன்னெண்டு தள்ளும் இது. நானே ஃபெயில்னு எழுதின சார்ஜர்... நானே... அடக் கடவுளே!"

அவன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. காது மிஷின்களை எடுத்துக் காதில் மாட்டிப் பார்த்தான். கழற்றினான். மறுபடி மாட்டினான். "பெட்டிதான் எரிஞ்சு போச்சு. மிஷினுக்கு ஒண்ணும் ஆகல போலிருக்கு. ஆனா சார்ஜ் சுத்தமா இல்ல" என்றான் மெதுவாக. "நாளைக்குக் காலையில எனக்கு இண்டர்வியூ."

அவன் கண்ணாடி இன்ஜினியர். வானத்தைத் தொடுகிற கட்டடங்களுக்கு வெளிச்சுவராகக் கண்ணாடி பதிப்பவன். இங்கே ஒரு புதுக் கோபுரத்துக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து கம்பெனிகள் 'காது கேட்காதவரை எப்படி...' என்று இழுத்து அனுப்பிய பிறகு கிடைத்த அழைப்பு. கேள்வியே காதில் விழாமல் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. காது மிஷின் விற்கிற கடையோ, கதவைச் சாத்தியாயிற்று. நாளை பத்து மணிக்குத்தான் திறக்கும். இண்டர்வியூவும் அதே பத்து மணிக்கு.

"நான் வர்றேன்" என்றாள்.

"எங்க?"

"இண்டர்வியூவுக்கு. அவங்க கேக்கறதை நான் தமிழ்ல சொல்றேன். என் உதடு நல்லாப் புரியுதுன்னீங்கள்ல?"

அவன் முகம் இறுகியது. "பாவம் பார்த்து வர்றதா இருந்தா வேணாங்க. அது எனக்குப் பழகிப் போச்சு, பிடிக்காமலும் போச்சு."

"பாவமா? யாரு? இங்க பாவம் நான்தான்! ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு, ரெண்டு நிமிஷத்துல ஒரு மனுஷனோட காதை வெடிக்க வெச்சிருக்கேன். நான் கெடுத்ததை நான்தான் சரி பண்ணணும். வேணாம்னு சொன்னீங்கன்னா பின்னாடியே வருவேன். பின்னாடி யாரு வர்றாங்கன்னே கேக்காதே உங்களுக்கு, எப்படித் துரத்துவீங்க?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் காதை வைத்துக் கேலி பண்ண யாருக்கும் இதுவரை தைரியம் வந்ததில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை ஒரே குடையில் நடந்தார்கள். அவன் எப்போதும் அரை அடி முன்னால் நடந்து, பாதி திரும்பியபடி வந்தான், அவள் உதடு தெரிவதற்காக. இரண்டு தடவை விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொள்ளப் போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நேத்து ஜன்னலைத் தட்டித் தட்டி என்ன பார்த்துட்டிருந்தீங்க?"

"மழையைத்தான். கண்ணாடியில உள்ளங்கையை வெச்சா மழை பேசும்." ஒரு கடை ஜன்னலில் அவள் கையை வைக்கச் சொன்னான். அவளைத் தொடவில்லை, எங்கே வைப்பது என்று விரலால் காட்டினான். உள்ளங்கைக்குள் பொடிப் பொடியாக அதிர்ந்தது. "நல்ல கண்ணாடின்னா ரெண்டு அடுக்கு இருக்கும். சத்தத்தை வெளியிலேயே நிறுத்திடும். ஆனா தட்டறதை நிறுத்த முடியாது."

"வேலை கிடைச்சா?"

"ரெண்டு வருஷம். இங்கேயேதான்."

அவளுக்குள் என்னவோ நழுவிற்று. இன்று இரவு அவளுக்கு விமானம், அவனிடமும் சொல்லியிருந்தாள். அவன் ஜெயித்தால் இங்கே, தோற்றால் ஊரில், அவளிருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில். 'சீ, என்ன நினைப்பு இது! நேத்துப் பார்த்த ஆளு!' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

இண்டர்வியூ அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். அவர்கள் பக்கத்திலேயே, அவனுக்கு நேர் எதிரே, இவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர்கள் கேட்பதைத் தமிழில், குரலே இல்லாமல், உதட்டால் மட்டும் சொன்னாள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அவன் கண் ஒரு நொடிகூட அவள் முகத்தை விட்டு அகலவில்லை. இத்தனை கவனமாக இவளை இதுவரை யாரும் கேட்டதே இல்லை, பெற்ற அப்பா அம்மா உட்பட!

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அந்த அம்மாள் பேனாவை மூடிவைக்கிற வரை.

"அபாய மணி அடித்தால் உங்களுக்குக் கேட்காதே. நாற்பது மாடி உயரத்தில் உங்களை நம்பி ஆட்களை எப்படி விடுவது?"

இதை எப்படி அவன் முகத்துக்கு நேரே சொல்வது? கூடவே குறும்புக்கார மனசு காதோடு சொன்னது... 'கொஞ்சம் குழப்பிச் சொல்லேன். பதில் சொதப்பும். ஊருக்கே வந்துடுவான்...'

அவன் காத்திருந்தான். அந்தப் பெரிய கண்களில் முழுக்க முழுக்க நம்பிக்கை.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்.

அவன் தயங்கவே இல்லை. "நாற்பதாவது மாடியில் காற்றடிக்கும்போது யாருக்கும்தான் எதுவும் கேட்காது. அங்கே எல்லோரும் கை ஜாடையில்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அது வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றது. எனக்கு அது மூன்று வயதிலிருந்து தெரியும். மணி அடிக்கிற இடத்தில் ஒரு விளக்கும் வையுங்கள், என்னைவிட முதலில் யாரும் பார்க்க மாட்டார்கள்."

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார். நீட்டிய கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கிருந்து நேரே காது மிஷின் கடை. புதுப் பெட்டி, புது சார்ஜர். பொடி எழுத்தை அவளே மூக்குக்கு அருகில் வைத்துப் படித்து, கையில் ஏந்தி எடை பார்த்து, அதற்கும் மேலே ஒரு தடவை மோந்தும் பார்த்துவிட்டுத்தான் சொருகவிட்டாள். கடைக்காரர் இவளை ஒருமாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே!

அரைமணி நேரம் கழித்து அவன் மிஷின்களை எடுத்துக் காதில் மாட்டினான்.

"பேசுங்க" என்றான்.

நேற்றிலிருந்து ஓயாமல் பேசியவளுக்கு இப்போது வாய் எழவில்லை. "என்ன... என்ன பேசறது?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "உங்க குரல் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றான். அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று. கண்ணைத் திறந்தவன், நேராகக் கேட்டான். "ஒண்ணு கேக்கணும். கூட வந்தீங்களே... நீங்க கெடுத்ததைச் சரி பண்ணத்தான் வந்தீங்களா? அதுக்கு மட்டும்தானா?"

சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி விமானம்... இவனுக்கு இங்கே ரெண்டு வருஷம்... பார்த்த மறுநாளே ஒருத்தி மயங்கிவிட்டாள் என்று நினைக்க மாட்டானா? ரோஷம் முந்திக்கொண்டது.

"ஆமா. வேற எதுக்கு?"

அவன் முகத்தில் விளக்கு அணைந்தாற்போல் இருந்தது. "அதானே" என்றான். "சரியாயிடுச்சு. ரொம்ப நன்றிங்க. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

போய்விட்டான். இந்தத் தடவை அவள் வாய்க்குள்ளேயே கூப்பிட்டாள். காது மிஷின் இருந்தும் அவனுக்குக் கேட்கவில்லை.

மதியம் சபையில் பேசினாள். "இந்த இரண்டில் எது போலி என்று நேற்று எனக்கே தெரியவில்லை" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாலை, விமான நிலையம். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே வந்து, காத்திருக்கும் கூடத்தின் கண்ணாடிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற நடை. ஃபோனில் துளிதான் சார்ஜ் இருந்தது. அண்ணி கூப்பிட்டாள்.

"என்னடி, குரல் ஒரு தினுசா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தூக்கம்."

"யாரு?"

"யாரு யாரு? ஒருத்தருமில்ல!"

"ஒருத்தருன்னு நான் சொல்லவே இல்லையே! சரி, சொல்லு."

கண்ணில் நீரோடு சொல்லி முடித்தாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "ஏண்டி, சார்ஜரைத்தான் வெடிக்கற வரைக்கும் சோதிச்சுப் பார்ப்பே, சரி. மனுஷ மனசையுமா? அவ்வளவு நேராக் கேட்டிருக்கான், ஆமான்னு ஒரு..."

ஃபோன் அணைந்தது.

இருக்கைக்கு இருக்கை, இலவசமாக சார்ஜ் போட யூஎஸ்பி ஓட்டை இருந்தது. அதில் நேராக ஒயரைச் சொருகுகிற ஜாதி அல்ல அவள். யார் எதை மாட்டி வைத்திருக்கிறார்களோ, ஃபோனுக்குள் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டால்? சுவரில் பிளக் பாயிண்ட் இருந்தது, பையில் சார்ஜர் இருந்தது. அடாப்டரைத் தேடினாள். இல்லை. நேற்று அவன் பெட்டிக்குச் சொருகிய அந்தக் கனத்த அடாப்டர்... அவனிடமே இருக்கிறது.

அது போதும் என்று கண்ணீர் கொட்டியது. அடாப்டருக்காக அழுகிற பெண்ணை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

முதுகில் என்னவோ அதிர்ந்தது.

டொக் டொக்.

சத்தமே இல்லை. அதிர்வு மட்டும்தான். மறுபடியும், டொக் டொக்... அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். தலையெல்லாம் மழை. மூச்சு வாங்கியது. ஒரு கையில் அவள் அடாப்டர்.

"அதைக் கொடுக்கத்தான் வந்தீங்களா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினான். ஏதோ சொன்னான். வேகமாக, நிறைய... ஐயோ, ஒன்றும் கேட்கவில்லையே! இரண்டு அடுக்குக் கண்ணாடி. அவன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தாள். "புரியல... மெதுவா..." மெதுவாகச் சொன்னான். அப்போதும் புரியவில்லை. இத்தனை நாள் இந்த மனிதன் உலகத்தோடு பட்ட பாடு இதுதானா என்று அப்போதுதான் உறைத்தது.

அவன் நிறுத்தினான். கொஞ்சம் யோசித்தான். இரண்டு காதிலிருந்தும் மிஷின்களைக் கழற்றினான். பத்திரமாகப் பெட்டியில் வைத்தான். பெட்டியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்கு நெருங்கி நின்று, அவள் உதட்டைப் பார்த்தான்.

நீங்க சொல்லுங்க, என்று விரலால் காட்டினான்.

ரோஷமாவது ஒன்றாவது! "நான் சொன்னது பொய்" என்றாள், குரலே இல்லாமல், இண்டர்வியூவில் சொன்னாளே அதைவிடத் தெளிவாக. "சரி பண்றதுக்காக மட்டும் வரல. கொழுப்பு எனக்கு... ரோஷத்துல சொல்லிட்டேன். உங்களுக்காகத்தான் வந்தேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் கண் நிறைந்தது. அந்தக் கன்னக்குழி விழுந்தது. ஒரு விரலை உயர்த்தினான்... இன்னொரு தடவை!

"பிடிச்சிருக்கு!" என்று கத்தியே விட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் கவனிக்கவில்லை.

அவன் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை விரித்துக் குவித்து ஒரே ஒரு சொல்லைச் சொன்னான். சின்னச் சொல். முதல் தடவையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

எனக்கும்.

அடாப்டரை அவளுக்குக் காட்டி, தன் நெஞ்சுப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டான். அடுத்து ஜாடைதான். ஒரு விமானம் பறந்தது, ஒரு கதவு தட்டப்பட்டது, ஒரு பெரியவருக்குக் கும்பிடு விழுந்தது. முதல் லீவில் ஊருக்கு வந்து உங்கள் அப்பாவைப் பார்க்கிறேன். அடாப்டரை அப்போது தருகிறேன்! அவள் அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினாள். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன் கை வந்து சேர்ந்தது.

மேலே ஒலிபெருக்கியில் அவள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு விடுத்தார்கள். இரண்டு தடவை விடுத்தார்கள். அவளுக்குக் கேட்கவே இல்லை. அவன்தான் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையில் சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்துவிட்டு, பதறிப்போய், ஓடுங்க ஓடுங்க என்று இரண்டு கையாலும் காட்டினான்.